மெலிவு

பழந்தமிழ் இசை நூல்கள் ஒலியின் நிலைகளை மூன்றாகப் பகுத்தன: வலிவு, சமன், மெலிவு. இன்று கச்சேரி மேடையில் மந்தரஸ்தாயி என்று சொல்லப்படுவதற்கு அன்றைய பெயர் மெலிவு. மிருதங்கக்காரர்கள் தங்கள் கருவியின் கீழ் ஒலிப் பக்கத்தைத் தொப்பி என்பார்கள். கார் ஒலிபெருக்கி விற்கும் கடைக்காரர் 'பாஸ்' என்கிறார். மூன்றும் துல்லியமாக ஒன்றல்ல என்பதை இசை தெரிந்த நண்பர்கள் சுட்டிக்காட்டக் கூடும். ஆனால் இந்தக் கட்டுரையின் தேவைக்கு அவை ஒன்றே. எங்கள் காரில் மெலிவு மெலிந்துபோன கதையைத்தான் சொல்லப் போகிறோம்.

அண்ணன் தம்பி இருவருமாகச் சேர்ந்து எழுதுகிறோம். ஒருவர் எழுதியதை மற்றவர் அடித்துத் திருத்தியதில் 'நான்' என்ற சொல்லுக்கு இடமில்லாமற் போயிற்று.

அப்பா பிறந்தது பழவேற்காட்டை ஒட்டிய குப்பங்களில் ஒன்றில். வலையை விட்டுப் படிப்பைப் பிடித்துக்கொண்டு பொன்னேரிப் பக்கம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றார். இப்போது எங்களோடு சென்னையில் இருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு அவரைக் காரில் ஏற்றி, தச்சூர் கூட்டுரோடு, பொன்னேரி வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் கடந்து ஊருக்கு அழைத்துப் போவது வழக்கம். அங்கே சித்தப்பா வீட்டில் மதியச் சாப்பாடு, ஏரிக்கரையில் ஒரு மணி நேரம், பிறகு திரும்புதல். அந்தப் பயணத்தின் இரண்டு மணி நேரமும் நாகசுரம் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். பழைய ஒலிநாடாக்களிலிருந்து மாற்றிச் சேர்த்த பதிவுகள். பெரும்பாலும் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். சொல்லப்போனால் அப்பா நாகசுரத்தைவிடத் தவிலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்கு வெகு தாமதமாகவே விளங்கியது. முன் இருக்கையில் அமர்ந்து, வலது கைச் சுட்டுவிரலால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே வருவார்.

அப்பாவுக்குக் காது மங்கத் தொடங்கி ஏழெட்டு வருடங்கள் ஆகின்றன. கேட்புச் சோதனை செய்தவர் கொடுத்த வரைபடத்தில் கோடு இடப்பக்கம் ஏறக்குறைய நேராகச் சென்று, 2000 ஹெர்ட்சைத் தாண்டியதும் மலைச்சரிவு போல் கீழே இறங்கியது. முதுமையில் வரும் செவிக்குறைபாட்டின் வழக்கமான உருவம் அதுதான் என்றார். உட்செவியிலுள்ள மயிரணுக்களில் உயர் அதிர்வெண்களை உணர்பவைதான் முதலில் பழுதாகின்றன. பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலி கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது. ச, த, ப, ட போன்ற மெய்களின் கூர்மை மேல் அதிர்வெண்களில். ஆகவே அப்பாவிடம் நாம் பேசும் சொல்லிலிருந்து மெய்யெல்லாம் உதிர்ந்து உயிர் மட்டும் போய்ச் சேர்கிறது. தமிழாசிரியரான அவரே ஒரு நாள் இதைச் சொல்லிச் சிரித்தார். செவித்துணைக் கருவி வாங்கிக் கொடுத்தோம். அது பெரும்பாலும் சட்டைப்பையில் கண்ணாடிக் கூட்டோடு சேர்ந்து கிடக்கிறது.

2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 புறப்பட்டபோது நாங்கள் லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் நின்றிருந்தோம். வெள்ளிக்கிழமை; விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தோம். ஏரியையும் கடலையும் பிரித்துக்கொண்டு வடக்கே நீளும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவில்தான் ஏவுதளம் இருக்கிறது என்பது வாசகர்கள் அறிந்ததே. ஏவுதல் நாட்களில் மீனவர்களைக் கடலுக்குள் போக வேண்டாமென்று எச்சரிப்பது வழக்கமாதலால் கரையில் ஆட்கள் மிகுதி. பிற்பகல் 2.35க்கு வடக்கே நெருப்புத் தூண் எழுந்தது. எல்லோரும் கத்தினார்கள், கைபேசியைத் தூக்கினார்கள். ராக்கெட் புள்ளியாகிக் கண்ணுக்கு மறைந்த பின்னரும் நாங்கள் பேசிக்கொண்டேதான் இருந்தோம். அப்போது, "வருது" என்றார் அப்பா. என்ன வருகிறது என்று கேட்க வாயெடுத்தபோதுதான் எங்களுக்கும் அந்த உறுமல் கேட்டது. நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. ஒலி வந்து சேர ஒன்றரை நிமிடத்துக்குக் குறையாது. அத்தனை தூரம் வருவதற்குள் உயர்ந்த அதிர்வெண்களையெல்லாம் காற்று உறிஞ்சிக்கொள்ள, அடியொலி மட்டும் தப்பி வருகிறது. பக்கத்தில் நின்று நாங்கள் பேசியது கேட்காத மனிதருக்கு, முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த ஒலி எங்களுக்கு முன்னால் கேட்டுவிட்டது. அதை அன்று ஒரு வேடிக்கையாக மட்டுமே எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

அடுத்த மாதமே அந்த முட்டாள்தனத்தைச் செய்தோம்.

காரின் இடப்பக்கக் கதவிலிருந்த ஒலிபெருக்கி கிழிந்துபோயிருந்தது. காரோடு வந்த காகிதக் கூம்பு, வெயிலும் உப்புக்காற்றும் தின்று ஓரம் வெடித்திருந்தது. ஒன்றை மாற்றுவதற்கு இரண்டையும் மாற்றிவிடலாம், நல்லதாகவே வாங்கலாம் என்று ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனோம். கடையில் ஒரு பலகை முழுவதும் ஒலிபெருக்கிகளை வரிசையாகப் பொருத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்கள். தனி ட்வீட்டரோடு வந்த ஜோடியொன்றில் வயலினின் வில் நரம்பை உரசுவது துல்லியமாகக் கேட்டது. இதுதான் அப்பாவுக்கு வேண்டியது, மங்கிய காதுக்குத் தெளிவான ஒலி என்று முடிவு கட்டினோம். கேட்டதும் தேர்ந்ததும் எங்கள் காதுகள். அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று இருவரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. பொருத்துகூலி மிச்சமாகட்டுமென்று ஒரு சனிக்கிழமை முழுவதும் செலவழித்து நாங்களே பொருத்தினோம்.

மறுநாள் ஊருக்குப் புறப்பட்டோம். மாதவரம் தாண்டியதும் அப்பா கேட்டார்: "என்னடா, பாட்டு போடலையா?"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒலியைக் கூட்டினோம். அவர் முகம் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார். "கத்துது. கொறைங்க." குறைத்தால் கேட்கவில்லை, கூட்டினால் கத்துகிறது. இதற்கும் மருத்துவத்தில் விளக்கம் உண்டு என்று பிறகு தெரிந்தது: பழுதான செவியில் மெல்லிய ஒலிக்கும் தாங்கமுடியாத ஒலிக்கும் இடையேயுள்ள வெளி குறுகிவிடுகிறது. பொன்னேரி வரை சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். விரல் முழங்காலில் அசையவில்லை. எங்களுக்கும் உண்மையில் ஏதோ குறைவாகத்தான் இருந்தது. நாகசுரம் பளபளவென்று இருந்தது. தவில் இருக்க வேண்டிய இடத்தில் தகரத்தைத் தட்டுவது போல் ஓர் ஒலி. செலவு செய்த பணத்தின் மேலுள்ள விசுவாசத்தால் இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அதற்கடுத்த இரண்டு வாரங்களும் நாங்கள் செய்த ஆராய்ச்சிகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இதே சங்கடத்தில் இருக்கும் வேறு யாருக்கேனும் உதவட்டும்.

முதலில் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். ஈக்வலைசரில் பாஸை மேலே ஏற்றினோம். ஒலி கனக்கவில்லை, இரைந்தது. சந்தேகம் அடுத்துத் திறனின் மேல் போயிற்று. பழைய காகிதக் கூம்பு இலேசானது. குறைந்த மின்திறனிலேயே நன்றாக அசையும். புதியது கனத்த கூம்பும் பெரிய காந்தமும் கொண்டது. அதன் உணர்திறன் 87 டெசிபல் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தது. காகிதக் கூம்புகளில் 90ஐத் தொடுபவை உண்டு. 3 டெசிபல் வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். அதை ஈடுகட்ட மின்திறன் இருமடங்காக வேண்டும். கார் ரேடியோவின் முகப்பில் '50 வாட் × 4' என்று பெருமையாகப் போட்டிருந்தாலும் தொடர்ந்து தரக்கூடியது பதினைந்து, மிஞ்சிப்போனால் இருபது வாட்தான். ஆக, தனி ஆம்ப்ளிஃபயர் வாங்கியே தீர வேண்டும் என்ற முடிவின் விளிம்பு வரை வந்துவிட்டோம். நல்லவேளையாக மாதக் கடைசி.

கையில் பணமில்லாததால் ரேடியோவின் பட்டியல்களைத் துழாவினோம். 'எச்.பி.எஃப்.' என்ற வடிகட்டி 120 ஹெர்ட்சில் வைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழுள்ள ஒலிகளைக் கதவு ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பாமல் தடுப்பது அதன் வேலை. டிக்கியில் தனியாக ஒரு சப்வூஃபர் இருந்தால் பொருத்தமான ஏற்பாடு. எங்களிடம் அது இல்லை. புதிய பெட்டியோடு வந்த துண்டுத்தாளைப் படித்து அப்படி வைத்ததும் நாங்களேதான். அதை நீக்கினோம். ஏதோ கொஞ்சம் திரும்பியது. பழைய நிலை வரவில்லை.

குட்டு உடைந்தது தற்செயலாக. அண்ணனின் மகள் பின்னிருக்கையிலிருந்து எட்டி, ஒலியை முழுவதும் வலப்பக்கம் தள்ளிவிட்டாள். உடனே தவில் வந்தது! இடப்பக்கம் தள்ளினோம். அங்கும் வந்தது. நடுவில் வைத்தோம். போய்விட்டது. தனித்தனியே பாடும் இருவர் சேர்ந்து நின்றால் ஊமையாகிவிடும் விந்தை.

இதன் பொருள் ஒன்றுதான்: இரண்டில் ஒன்றின் கம்பிகள் மாறியிருக்கின்றன. ஒலிபெருக்கிக்கு நேர், எதிர் என இரு முனைகள் உண்டு; பெரும்பாலும் அகலத் தகடு நேர், குறுகியது எதிர். ஒன்றில் மாற்றிக் கொடுத்துவிட்டால், வலக்கூம்பு வெளியே தள்ளும் அதே கணத்தில் இடக்கூம்பு உள்ளே இழுக்கும். ஒன்று அழுத்திய காற்றை மற்றது தளர்த்திவிடும். இது ஏன் பாஸை மட்டும் தின்கிறது என்று கேட்டால், அலைநீளத்தைச் சொல்ல வேண்டும். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஐந்தரை மீட்டருக்கு மேல் நீளமானது. காரின் இரு கதவுகளுக்கிடையே ஒன்றேகால் மீட்டர் இருந்தால் அதிகம். அவ்வளவு நீண்ட அலைக்கு இரண்டு கதவும் ஏறக்குறைய ஒரே இடம். ஆகவே எங்கு உட்கார்ந்தாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 3000 ஹெர்ட்சின் அலையோ ஒரு சாணுக்கும் குறைவு. அது ஓரிடத்தில் அழிந்தால் நான்கு விரற்கடை தள்ளிச் சேர்ந்துகொள்ளும். காதுக்குக் குறை தெரியாது.

உறுதி செய்வதற்கு ஒரு டார்ச் லைட் பாட்டரி போதும். ரேடியோவை வெளியே இழுத்து இணைப்பைக் கழற்றிவிட்டு (இதை மறந்தால் ரேடியோவுக்குக் கேடு), ஒலிபெருக்கிக்குப் போகும் இரு கம்பிகளிலும் 1.5 வோல்ட் பாட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்தோம். வலக்கூம்பு வெளியே துள்ளியது. இடக்கூம்பு உள்ளே சுருங்கியது. இடக்கதவின் பழைய இணைப்பியை எப்போதோ யாரோ வெட்டி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். கம்பிகளின் நிறம் பச்சைக் களிம்பில் மறைந்திருந்தது. ஊகித்து இணைத்திருந்தோம். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஊகம். தோற்றது.

கம்பியை மாற்றிக் கொடுத்ததும் முக்கால் பங்கு திரும்பியது. மீதிக் கால் பங்குக்கு நாங்கள் சித்தப்பாவிடம் போக வேண்டியிருந்தது.

சித்தப்பா 2004 ஆழிப்பேரலைக்கு முன்பு கட்டுமரத்தில் போனவர். அதன் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகியபோது அவற்றைப் பழுது பார்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். இன்று கடலுக்குப் போவதைவிட ரெசினும் மேட்டுமாக உட்கார்ந்திருப்பதுதான் அதிகம். கம்பி மாறிய கதையைச் சொன்னபோது அலைநீளமெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. "கரைவலை இழுக்கச்சொல்ல இப்டித்தான். ஒருத்தன் இழுக்கறப்ப ஒருத்தன் வுட்டான்னா வலை நின்ன எடத்துலயே நிக்கும். அதுக்குத்தான அம்பா பாடறது" என்றார். எல்லோரும் ஒரே கணத்தில் இழுப்பதற்காகப் பாடப்படும் அம்பாப் பாடல்களை நாட்டுப்புறவியல் வகுப்பில் படித்திருக்கிறோம். அவை ஒலிபெருக்கிக்கும் பொருந்தும் என்று பாடநூலில் இல்லை.

பிறகு பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, கதவின் உள்தோலைக் கழற்றி, ஒலிபெருக்கியின் விளிம்பைச் சுற்றி உள்ளங்கையை மெதுவாக நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்க காத்து வருது பாரு." வந்தது, தவிலடிக்கு ஒரு மூச்சு. பழைய ஒலிபெருக்கி, கதவின் துளைக்கென்றே வார்த்த பிளாஸ்டிக் கூட்டோடு வந்திருந்தது. புதியதை மெல்லிய வளையம் ஒன்றின் மேல் திருகியிருந்தோம், சுற்றிலும் இடைவெளி. கூம்பின் பின்புறம் புறப்படும் அலை முன்புற அலைக்கு நேரெதிரானது. இடைவெளி இருந்தால் அது சுற்றிக்கொண்டு முன்னால் வந்து முன்னலையை அழித்துவிடும். போதாக்குறைக்கு, கதவின் இரும்புத் தகட்டிலுள்ள பெரிய திறப்புகளை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளையும் வேலை செய்த அவசரத்தில் கிழித்து எறிந்திருந்தோம்.

சித்தப்பாவின் வேலையை ஒரு முழுப் பகல் பார்த்துக்கொண்டிருந்தோம். படகுக்கென வைத்திருந்த ஒட்டுப்பலகையில் இரண்டு வளையங்கள் அறுத்தார். உப்புக்காற்று தின்னாதிருக்க ரெசின் பூசி வெயிலில் வைத்தார். கதவின் திறப்புகளுக்குச் செய்தித்தாளில் அச்சு வெட்டி, அந்த அளவில் மேட் நறுக்கி, ஹார்டனர் கலந்த ரெசினைத் தூரிகையால் ஏற்றித் தகடுகள் வார்த்தார். அவற்றை அப்படியே ஒட்டிவிடுங்கள் என்று நாங்கள் அவசரப்பட்டோம். "ஒட்டிட்டா நாளிக்கு கண்ணாடி மக்கர் பண்ணுச்சுன்னா எப்டிடா கைய வுடுவ?" ஓரத்தில் நுரைப்பட்டை வைத்துத் திருகாணியால் முடுக்கினார். கதவின் அடியிலிருந்த சிறு துளைகளையும் அடைக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். மழைத் தண்ணீர் வடிகிற வழி அது. எதை அடைக்க வேண்டும், எதை அடைக்கக் கூடாது என்பதில் படகுக்காரரை மிஞ்ச ஆளில்லை. முகத்துவாரத்தை மணல் தூர்த்துவிடுவதைப் பற்றி ஊர் பல காலமாக முறையிட்டு வருகிறது. அது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "ஏரிக்கு வாயத் தொறக்கணும்னு கெடக்குறோம். ஒங்க காருக்கு மூடணும்" என்றார்.

அப்பா நிழலில் நாற்காலி போட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் தம்பியும் அண்ணனுமாகத் தங்கள் தாத்தாவைப் பற்றிப் பேசினார்கள். துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்து, கீழே கத்தாழை மீன் இருக்கிறதா என்று தாத்தா கேட்பாராம். கத்தாழை தன் காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து உடுக்கை போல் ஒலியெழுப்பும் இனம். அதுவும் கீழ் ஒலிதான். மட்டக்களப்பு வாவியில் படகின் மரத்தில் காதை வைத்து 'மீன் பாடுவதை'க் கேட்டதைப் பற்றி எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டுத் தாத்தாவும் கேட்டிருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. அப்பா இதை எங்களிடம் சொன்னதேயில்லை. சித்தப்பாவிடம் பேசும்போது மட்டும் அவருக்குச் செவித்துணைக் கருவி தேவைப்படவில்லை என்பதையும் கவனித்தோம். சித்தப்பாவின் குரல் அடித்தொண்டையிலிருந்து வருவது. ஒவ்வொரு சொல்லாக, அண்ணனின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். நாங்களோ சாலையைப் பார்த்துக்கொண்டு, கைபேசியைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவர்கள்.

இருட்டும் நேரத்தில் கதவை மூட்டினோம். வளையங்களின் ரெசின் நாற்றம் காருக்குள் நிறைந்திருந்ததால் கண்ணாடிகளை இறக்கிக்கொண்டே புறப்பட்டோம். பொன்னேரி தாண்டும் வரை காற்றின் இரைச்சலில் எதுவும் போடவில்லை. பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு, வழக்கமான பதிவைப் போட்டோம். நாகசுரம் தனியாக ஆலாபனையில் நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது. அப்பா தூங்கிவிட்டாரோ என்று நினைத்தோம். தவில் உள்ளே வந்தபோது கதவின் அதிர்வு முழங்கையில் தெரிந்தது. எதிரே வந்த லாரி விளக்கில் பார்த்தோம். விரல் அசைந்துகொண்டிருந்தது.

உற்சாகத்தில் ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டினோம்.

"கொறைடா" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. "எனக்கென்ன காதா கேக்கல?"

இடக்கதவில் மட்டும், கீழ்ச் சுருதி வரும்போது எங்கோ ஒரு திருகாணி கிணுகிணுக்கிறது. அடுத்த ஞாயிறு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் சித்தப்பா.